மேல்மாடி வகுப்பும் வேதியியல் பாடமும்

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"அறிவியல் கல்வியும் நம் சமுதாயமும்" என்று எங்களுக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய தலைப்பில் பேசுவதற்குப் பிற்பகல் அமர்வில் முனைவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வியாபாரிகள். எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். படிவம் நான்கிலும் ஐந்திலும் நம் பிள்ளைகள் படிக்கும் வேதியியல் பாடம், அவ்வளவுதான்.

நாங்கள் என்று சொல்வது மேடை மரியாதைக்காக அல்ல. 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில், இஷாத் தொழுகைக்குப் பிறகு நடந்த இரவு வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். ஒலிவாங்கியைப் பிடித்திருப்பது ஒருவர் என்றாலும், என்ன பேசுவது என்பதை ஒன்பது பேரும் கூடி முடிவு செய்தோம். ஒருவர் கோலாலம்பூரிலிருந்து தொலைபேசியில் கலந்துகொண்டார்.

இதைப் பேச வேண்டிய அவசரமும் ஒன்று உண்டு. சென்ற பொதுக்கூட்டத்தில் மேல்மாடியை வாடகைக்கு விடலாம் என்ற யோசனை வந்தது. சொன்னவர்களைக் குறை கூற மாட்டோம். சங்கத்துக்கு வருமானம் வேண்டும், பினாங்கில் பழைய கட்டடத்துக்குக் கூரை பழுது பார்ப்பது என்றால் என்ன செலவு ஆகும் என்று கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். மாணவர்களும் வருவதில்லை. நான்கு நாற்காலியில் ஆள் இருக்கிறது, முப்பது நாற்காலி காலியாக இருக்கிறது. ஏன் வருவதில்லை என்று எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பிறகு செயலவை முடிவு செய்யட்டும்.

எங்கள் ஒன்பது பேரில் ஏழு பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மளிகைக் கடை, பணம் மாற்றும் கடை, சாப்பாட்டுக் கடை, அத்தரும் தொப்பியும் கைலியும் விற்கும் கடை என்று வகைக்கு ஒருவர் இருந்தோம். பி.எம்.ஆர். தேர்வில் நல்ல தேர்ச்சி வந்ததால் பள்ளி எங்களை அறிவியல் வகுப்பில் போட்டது. நாங்களாகக் கேட்டுச் சேரவில்லை. வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "டாக்டராக முடியுமா?" என்பது. இரண்டாவது கேள்வி, "முடியாது என்றால் இதைப் படித்து என்ன செய்வாய், கணக்கியல் படித்தாலாவது கடைக்கு ஆகுமே" என்பது. அத்தாமார்கள் கேட்டதில் தவறில்லை. எங்களுக்கும் அப்போது பதில் தெரியாது.

மொழி இன்னொரு தலைவலி. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் கொள்கை 2003-இல் தொடங்கியது. அந்த ஆண்டில் படிவம் ஒன்றில் நுழைந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியை தம் படிப்பையெல்லாம் மலாயில் முடித்தவர். இரவில் ஆங்கிலத்தில் தயார் செய்துகொண்டு வந்து காலையில் எங்களுக்குச் சொல்லுவார். அவரும் தடுமாறினார், நாங்களும் தடுமாறினோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த இருவருக்கு அமிலம், காரம், உப்பு என்ற சொற்கள் தெரியும். மற்றவர்களுக்கு அசிட், பேஸ், சால்ட். மலாயில் அசிட், பெஸ், காராம். அந்த காராம் என்பது மலாயில் உப்பு, நம் காரம் என்பதோ உப்பல்ல, மிளகாயும் அல்ல. சம்பால் காரமா அமிலமா என்று எங்களில் ஒருவர் மெய்யாகவே கேட்டார். அந்த மூன்று மொழிக் குழப்பத்தைத் தீர்த்து வைத்த இடம் மேல்மாடி.

அங்கே பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியர். நம் சமுதாயத்தவர் அல்லர். சங்கத்தின் அன்றைய செயலாளர் தேநீர்க் கடையில் அவரோடு பேசிப் பழகி அழைத்து வந்தார். பெட்ரோல் காசைத் தவிர எதுவும் வாங்கமாட்டார். இன்று அவர் உயிருடன் இல்லை. நாங்கள் அவரை சார் என்றே அழைத்ததால் இங்கேயும் அப்படியே சொல்கிறோம்.

வேதியியல் என்றதும் ஜாபிர் இப்னு ஹையானையும் அல்-ராஸீயையும் சொல்லிக் கைதட்டல் வாங்குவது நம் மேடை வழக்கம். மலாயில் இந்தப் பாடத்தின் பெயரே கிமியா, அது அரபு மொழியின் அல்-கீமியா. ஆல்கலி என்பதும் அல்-கலீ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, செடியை எரித்த சாம்பலைக் குறித்தது. இதையெல்லாம் ஒரு நாள் நாங்கள் பெருமையாகச் சாரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டார். "பாட்டன் சொத்து இருக்கட்டும் தம்பி, உன் நோட்டைக் காட்டு" என்றார். நோட்டில் ஒன்றும் இல்லை.

ஏனென்றால் அப்போது எங்களுக்கு மோல் புரியவில்லை. பெற்றோர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். படிவம் நான்கு பாடநூலில் முதல் பாடம் அறிமுகம், இரண்டாவது பருப்பொருளும் அணு அமைப்பும். மூன்றாவது பாடம்தான் மோல் என்ற கருத்தும் வாய்பாடும் சமன்பாடும். அணு கண்ணுக்குத் தெரியாத சிறியது, அதை எண்ண முடியாது. ஆனால் எத்தனை அணு எத்தனை அணுவோடு சேர்கிறது என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும். ஆகவே 6.02 × 10²³ என்ற எண்ணிக்கையை ஒரு மோல் என்று வைத்துக்கொண்டு, எடையைக் கொண்டு எண்ணிக்கையை அறிகிறார்கள். பாடநூலில் இருப்பது இவ்வளவுதான். இதைப் பள்ளியில் மூன்று வாரம் கேட்டும் எங்கள் ஒன்பது பேரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்தோம். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ வசூல் தகரப்பெட்டி மேல்மாடியில் எண்ணப்படாமல் இருந்தது. அடுத்த திங்கள் இரவு வகுப்புக்கு வந்த சார் அதைப் பார்த்தார். பொருளாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு, மளிகைக் கடை நண்பரை அனுப்பி மசாலா நிறுக்கும் மின்தராசைக் கொண்டுவரச் சொன்னார். பத்துக் காசுகளை ஒரு குவியலாகவும் இருபது காசுகளை ஒரு குவியலாகவும் பிரித்தோம். பத்துக் காசு நூறு எண்ணித் தராசில் வைத்தால் 283 கிராம். இருபது காசு நூறு வைத்தால் 566 கிராம். அன்றைய இருபது காசு பத்துக் காசைப் போல இரண்டு மடங்கு எடை. பிறகு எண்ணாமல் ஒரு கைப்பிடிப் பத்துக் காசை அள்ளித் தராசில் போட்டு, "எத்தனை?" என்றார். எடையைப் பார்த்து வகுத்துச் சொன்னோம். எண்ணிப் பார்த்தோம், சரியாக இருந்தது.

"நூறு என்பது நூறுதான். ஆனால் பத்துக் காசு நூறுக்கு ஒரு எடை, இருபது காசு நூறுக்கு வேறு எடை. கார்பன் ஒரு மோல் 12 கிராம், மக்னீசியம் ஒரு மோல் 24 கிராம். இதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார். கஷ்டம் ஒன்றும் இல்லை. கடைகளில் காசை எடை போட்டு எண்ணுவதை ஆறு வயதிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

அடுத்த படியை எங்களுக்கு விளக்கியவர் பணம் மாற்றும் கடை நண்பர். இத்தனை கிராம் மக்னீசியத்திலிருந்து எத்தனை கிராம் ஆக்சைடு வரும் என்ற கணக்கில் எல்லாரும் நேரே கிராமிலிருந்து கிராமுக்குப் போய்த் தவறு செய்தோம். அவர் சொன்னார்: "இந்திய ரூபாய் கொண்டு வந்தவர் தாய்லாந்து பாட் கேட்டால் நம் கடையில் நேரே மாற்ற முடியாது. முதலில் வெள்ளியாக மாற்று, வெள்ளியிலிருந்து பாட்டுக்குப் போ. மோல்தான் வெள்ளி." கிராமை மோலாக்கு, சமன்பாட்டைப் பார்த்து இந்த மோலை அந்த மோலாக்கு, பிறகு கிராமாக்கு. சார் அன்று சுண்ணக்கட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளியில் அதே நண்பர் கடைசி வரிசை, ஆசிரியர்கள் பெயர்கூடச் சரியாக நினைவில் வைத்துக்கொள்ளாத மாணவர்.

ஒரு பாட்டியையும் இங்கே சொல்ல வேண்டும். வகுப்பில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். இரவு வகுப்பு என்பதால் ஒருவரின் பாட்டி துணைக்கு வந்து பின்வரிசையில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சார் ஆப்பச்சோடாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேரும் கணக்கை எழுதினார். 84 கிராம் சோடாவுக்கு 36.5 கிராம் அமிலம். வருவது 44 கிராம் கார்பன் டைஆக்சைடு, 18 கிராம் தண்ணீர், 58.5 கிராம் உப்பு. இந்தப் பக்கம் 120.5, அந்தப் பக்கம் 120.5. பேரேடு மாதிரி வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் என்றார். அமிலத்தைக் குறைத்து சோடாவை அதே அளவில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். பின்வரிசையிலிருந்து பாட்டி, "சோடா மிச்சம் நிக்கும். ஆப்பம் மஞ்சளாப் போயிக் கசக்கும்" என்றார். மிகை வினைப்பொருள் என்று நாங்கள் பிறகு படித்ததெல்லாம் அதுதான். சார் எழுந்து நின்று பாட்டிக்கு வணக்கம் சொன்னார்.

இப்போது எங்கள் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். எங்களில் ஒருவர் அந்தக் காசு எடை போட்ட இரவுக்கு வரவில்லை. அதற்கு முன் நான்கு வாரமும் வரவில்லை. அவர் வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் ஆள் பற்றாக்குறை. இரவு பதினொரு மணி வரை கல்லாவில் உட்கார்ந்தார். பள்ளியிலும் பல நாள் தூங்கினார். திரும்பி வந்தபோது நாங்கள் அமிலத்துக்கும் டைட்ரேஷனுக்கும் போய்விட்டோம். செறிவு கணக்கு வேண்டுமானால் மோல் வேண்டும். வினை வேகம் வேண்டுமானால் மோல் வேண்டும். படிவம் ஐந்தில் வெப்ப வேதியியல் முழுவதும் ஒரு மோலுக்கு எத்தனை கிலோஜூல் என்ற கணக்கு. அடியிலுள்ள ஒரு செங்கல் இல்லாமல் அவர் மேலே கட்டப் பார்த்தார். படிவம் நான்கின் நடுவிலேயே வேறு வகுப்புக்கு மாற்றிக்கொண்டார். எங்களில் நன்றாகப் படிக்கக்கூடியவர் அவர்தான் என்று சார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இன்று நல்ல வியாபாரி, முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறோம். "நாலு வாரம்னு சொல்லு, என் மூளை மட்டம்னு யாரும் நினைச்சிடக் கூடாது" என்று அவரே சொல்லி அனுப்பினார்.

எங்கள் காலத்தில் நோன்பு செப்டம்பர், அக்டோபரில் வந்தது. 2007-இல் பெருநாள் முடிந்து சில வாரத்தில் எஸ்.பி.எம். தேர்வு. அதுவும் சிரமம்தான். ஆனால் பாடம் முடிந்திருந்தது, திருப்பிப் பார்க்கும் வேலைதான் மிச்சம். இன்றைய பிள்ளைகளின் நிலைமை வேறு. இவ்வாண்டு ஜனவரியில் பள்ளி திறந்தது. பிப்ரவரி பிற்பகுதியில் நோன்பு தொடங்கியது. முதல் இரண்டு பாடம் முடிந்து, மோல் பாடம் தொடங்கும் வாரங்களும், நம் கடைகளில் ஆண்டிலேயே அதிக வேலை இருக்கும் வாரங்களும் ஒன்றாக வந்து விழுந்தன. துணிக்கடையில் கூட்டம், மளிகையில் கூட்டம், நோன்புக் கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டும், பாசாரில் கடை போட ஆள் வேண்டும். பதினாறு வயதுப் பையன் வீட்டில் இருந்தால் யார்தான் கூப்பிடமாட்டார்கள்? வரும் ஆண்டில் நோன்பு இன்னும் பத்து நாள் முன்னால் வரும். அந்த ஒரு மாதத்தில் எதை இழக்கிறோம் என்பது பிள்ளைக்கும் தெரிவதில்லை, அத்தாவுக்கும் தெரிவதில்லை. ஆகஸ்டில் தேர்வுத்தாள் வரும்போது பிள்ளைக்கு அறிவியல் வராது என்று எல்லாரும் முடிவு செய்துவிடுகிறோம்.

நம் சங்க வகுப்பும் இதற்கு உதவும் முறையில் இல்லை. இப்போது வேதியியல் வகுப்பு படிவம் ஐந்து மாணவர்களுக்கு மட்டும், தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது தொடங்குகிறது. எந்தக் கேள்வி வரும் என்று குறித்துக் கொடுக்கிறார்கள். மோல் தெரியாத பிள்ளைக்கு அந்தக் குறிப்பு, சாவி இல்லாதவனுக்குப் பூட்டின் படத்தைக் கொடுத்தது மாதிரி. இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அறை காலியாவதற்குப் பிள்ளைகளின் அக்கறையின்மை காரணம் என்று பொதுக்கூட்டத்தில் சொன்னதை எங்களால் ஏற்க முடியவில்லை.

செய்முறையைப் பற்றியும் ஒன்று. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மக்னீசிய நாடாவை எரிக்கும் சோதனை செய்தோம். மணல்தாளால் நாடாவைத் தேய்த்து, மூசையில் வைத்து, எரித்து, மூடியை அவ்வப்போது லேசாகத் திறந்து காற்றை விட வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் ஆர்வத்தில் மூடியை முழுக்கத் திறந்தார். வெள்ளைப் புகை கூரைவரை போனது. 2.4 கிராமுக்கு 4 கிராம் வரவேண்டிய கணக்கில் எங்களுக்கு மிகக் குறைவாக வந்தது. முன் ஆண்டு மாணவர்களின் அறிக்கையைப் பார்த்து எண்களை எழுதிக் கொடுத்து முழு மதிப்பெண் வாங்கினோம். பெருமையாகச் சாரிடம் காட்டினோம். அவர் கேட்ட ஒரே கேள்வி: "புகை எங்கே போச்சு?" அந்தப் புகைதான் மக்னீசியம் ஆக்சைடு, காணாமல் போன எடை அதுதான். அதை எழுதியிருந்தால் அது அறிக்கை, நீங்கள் எழுதியது கள்ளக் கணக்கு என்றார். வியாபாரி வீட்டுப் பிள்ளைகளிடம் கள்ளக் கணக்கு என்ற சொல்லைச் சொன்னால் எப்படிச் சுடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் காலத்தில் மூன்றாம் தாளையும் எழுத்துத் தேர்வாகவே எழுதினோம். ஆய்வுக்கூடத்தில் கை வைக்காமலேயே சோதனையை வருணித்துத் தப்பிக்கலாம். இப்போதைய முறையில் மூன்றாம் தாள் நேரடிச் செய்முறைத் தேர்வு. பியூரெட்டைப் பிடித்துப் பழகாதவர் தப்பிக்க முடியாது. பெற்றோர்கள் இதை அறிந்துகொள்ளுங்கள்.

படிவம் ஐந்தில் கார்பன் சேர்மங்கள் பாடம் வந்தபோது எங்களில் சிலருக்குச் சங்கடம். சர்க்கரையும் ஈஸ்டும் வைத்து எத்தனால் உண்டாக்கும் சோதனை. செய்யலாமா கூடாதா என்று பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டோம். அவர் சிரித்து, படித்துத் தெரிந்துகொள்வதற்குத் தடையில்லை, குடிப்பதற்குத்தான் தடை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் எத்தனாலும் எத்தனாயிக் அமிலமும் சேர்த்து, அடர் கந்தக அமிலம் சில துளி விட்டுச் சூடாக்கினோம். எஸ்டர் வந்தது. அத்தர் கடை நண்பர் முகர்ந்து பார்த்து, கடையில் மலிவு விலைப் புட்டியில் வரும் வாசனையின் அடியில் இது இருக்கிறது என்றார். வாழைப்பழ வாசனை பென்டைல் எத்தனோயேட், அன்னாசி வாசனை எத்தில் பியூட்டனோயேட். பிறகு அவர் அந்தப் பாடத்தில் எங்களுக்கு வாத்தியாராகிவிட்டார். ரப்பர் பால் ஃபார்மிக் அமிலத்தில் உறைவதும் அம்மோனியாவில் உறையாமல் இருப்பதும், செம்பனை எண்ணெயும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து சவர்க்காரம் ஆவதும் அந்த ஆண்டில் படித்தவைதான். இந்த நாட்டின் மண்ணில் விளைவதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தது.

சவர்க்காரம் என்று சொன்னதால் எங்கள் வியாபாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் இருவர் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு கூட்டாகத் தொடங்கியது சாப்பாட்டுக் கடைகளுக்குச் சுத்தப் பொருள் விற்கும் வியாபாரம். பாத்திரம் கழுவும் திரவம், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் காஸ்டிக் சோடா, துணி வெளுக்கும் பிளீச், கழிவறைத் தரைக்கு அமிலம். ஒரு பெருநாளுக்கு முந்திய இரவு, எங்களிடம் பொருள் வாங்கும் ஒரு கடையின் பின்கட்டில், கழுவுகிற தம்பி ஒருவர் கால்வாய் சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று பிளீச்சையும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றிவிட்டார். வந்தது குளோரின் வாயு. காற்றைவிடக் கனமானது, கால்வாய் ஓரத்தில் குனிந்து வேலை செய்பவரைத்தான் முதலில் பிடிக்கும். நல்ல வேளையாகச் சரக்கு இறக்க நாங்கள் அங்கே போயிருந்தோம். அந்த வாசனை ஆய்வுக்கூடத்தில் முகர்ந்த வாசனை. கதவுகளைத் திறந்து, அவரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

அவரைக் காப்பாற்றினீர்கள் என்று பலர் பாராட்டினார்கள். எங்களால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு புட்டிகளையும் ஒரே பெட்டியில், ஒரே ரசீதில் விற்றது நாங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் என்ன வரும் என்ற சமன்பாட்டை மோல் கணக்கோடு எழுதத் தெரிந்தவர்கள் நாங்கள். பதினேழு வயதில் படித்ததைத் தேர்வு மண்டபத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம், கடைக்குக் கொண்டுவரவில்லை. அடுத்த வாரமே இரண்டையும் தனித்தனிப் பெட்டியாக்கினோம். சேர்க்கக் கூடாது என்று தமிழ், மலாய், வங்காளம், நேபாளி நான்கு மொழியிலும் சிவப்பு எழுத்தில் ஒட்டினோம். புதிதாக வேலைக்கு வருபவருக்கு நேரில் சொல்லாமல் சரக்கு இறக்குவதில்லை. இங்கே சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் பின்கட்டில் இந்த இரண்டு புட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இன்றிரவு போனதும் பிரித்து வையுங்கள்.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டியதில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மயங்கி விழுந்தவர்களில் அதிகம் பள்ளிப் பிள்ளைகள். கொட்டியவர்களுக்கு அது என்ன பொருள், காற்றில் என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்திருக்கும் அல்லது தெரிந்தும் கொட்டியிருப்பார்கள். இரண்டில் எது மோசம் என்று எங்களுக்கு இன்னும் புரியவில்லை.

டாக்டர் ஆக முடியுமா என்ற கேள்விக்கு வருகிறோம். எங்கள் ஒன்பது பேரில் ஒருவரும் டாக்டர் ஆகவில்லை. ஒருவர் மருந்தாளர். ஒருவர் கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு. பாட்டியின் பேத்தி உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். எண்ணெயையும் ஜெலட்டினையும் சோதித்து ஹலால் முத்திரைக்கு உரிய அறிக்கை எழுதுவதும் அவர் வேலையில் ஒன்று. மற்றவர்கள் வியாபாரத்தில். டாக்டருக்கும் கல்லாவுக்கும் நடுவில் எத்தனையோ நாற்காலிகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. 2020-லிருந்து அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை போய், பாடத் தொகுப்பைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் முறை வந்துவிட்டது. எங்களைப் பள்ளி பிடித்துப் போட்டது போல இனிப் போடாது. கேட்டு எடுக்க வேண்டும். கேட்பதற்கு வீட்டில் தைரியம் கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளையும் வேதியியல் எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, விருப்பமில்லாத பிள்ளையை இழுத்து உட்கார வைப்பதும் பாவம். எடுத்த பிள்ளை நான்கு வாரத்தில் தொலைந்துபோகக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

செயலவைக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். மேல்மாடியை இரண்டாண்டுக்கு வாடகைக்கு விடாதீர்கள். அதனால் சங்கம் இழக்கும் வாடகையில் பாதியை நாங்கள் ஒன்பது பேரும் பகிர்ந்து கட்டுகிறோம். வேதியியல் வகுப்பைப் படிவம் நான்கின் முதல் வாரத்திலிருந்து தொடங்குவோம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் இரண்டு நாள் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுக்கக்கூடியவர். நோன்பு மாதத்தில் இரவு வகுப்பு வேண்டாம், தராவீஹ் இருக்கிறது. ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கடை வைத்திருக்கும் பெற்றோர்களிடம் கேட்பது, மோல் பாடம் முடியும்வரை ஏறத்தாழ ஆறு வாரம், அந்த இரண்டு வேளை மட்டும் பிள்ளையைக் கடைக்குக் கூப்பிடாதீர்கள். ஆள் பற்றாக்குறை என்றால் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், வந்து கல்லாவில் உட்காருகிறோம். முன்வரிசையில் இருக்கும் நண்பர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.

வகுப்பு ஜனவரியில் பள்ளி திறந்ததும் வரும் முதல் திங்கள், இஷாவுக்குப் பிறகு. கட்டணம் இல்லை. பிள்ளைகள் நோட்டும் கணிப்பானும் கொண்டு வரட்டும், தராசு எங்கள் பொறுப்பு. ஒன்று மட்டும் தேவைப்படுகிறது. 2012-இல் வந்த புதிய நாணயங்களில் இருபது காசு பத்துக் காசின் இரண்டு மடங்கு எடை இல்லை, சாருடைய கணக்கு அதில் சரிவராது. வீட்டு அலமாரியிலோ பழைய உண்டியலிலோ அந்தப் பழைய பத்துக் காசு, இருபது காசு கிடந்தால் அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். நூறு நூறு சேர்ந்தால் போதும்.